ராமச்சந்திராபுரம்: டர்பைன் கட்டிய ஊர்

ஹைதராபாத்திலிருந்து மும்பை செல்லும் நெடுஞ்சாலையில், நகரத்தின் மேற்கில் இருக்கிறது ராமச்சந்திராபுரம். 1960-களின் தொடக்கத்தில் அது மேதக் மாவட்டத்துக் கிராமம். சுற்றிலும் கருங்கல் பாறையும் புன்செய் நிலமும். நீராவி டர்பைனும் மின்னாக்கியும் செய்யும் ஆலை அங்கே எழும்பிய பிறகு ஊரின் வரலாறு அந்த இயந்திரத்தோடு பிணைந்துவிட்டது. எத்தனை மெகாவாட் இயந்திரம் வாங்குவது என்று தில்லியில் முடிவு எடுக்கப்படும்போதெல்லாம் இங்கே ஊரின் போக்கும் மாறியது.

ஆலை வந்ததற்கான காரணம் மின்சாரக் கொள்கையில் இருக்கிறது. 1948-ன் மின்வழங்கல் சட்டம் மாநிலம்தோறும் மின்வாரியம் அமைக்க வழிசெய்தது. வாரியங்கள் வந்தன, அவற்றுக்கு வேண்டிய பெரிய இயந்திரங்கள் கப்பலில்தான் வந்தாக வேண்டும் என்ற நிலை. ஐந்தாண்டுத் திட்டங்களின் மின் உற்பத்தி இலக்குகள் பெருகப் பெருக அந்நியச் செலாவணி கரைந்தது. 1956-ன் தொழில்கொள்கைத் தீர்மானம் கனரக மின்கருவிகளை, பெரிய நீர் டர்பைன், நீராவி டர்பைன் உட்பட, அரசுக்கே ஒதுக்கப்பட்ட பட்டியலில் வைத்தது. அதே ஆண்டில் பிரிட்டிஷ் கூட்டுறவுடன் போபால் ஆலைக்கான நிறுவனம் தொடங்கியது. ஒரு ஆலை போதாது என்று தெரிந்ததும் மூன்று ஆலைகள் திட்டமிடப்பட்டன. சோவியத் உதவியுடன் ஹரித்வார். செக்கோஸ்லோவாகியா உதவியுடன் ராமச்சந்திராபுரமும் திருச்சியை அடுத்த திருவெறும்பூரும். இந்த மூன்றையும் நடத்த 1964 நவம்பரில் பாரத் கனரக மின் நிறுவனம், அதாவது பெல், பதிவானது.

செக் உதவி பெற்ற இரண்டு ஆலைகளும் ஒன்றுக்கொன்று துணை. திருவெறும்பூரில் கொதிகலன், ராமச்சந்திராபுரத்தில் அந்தக் கொதிகலனின் நீராவியில் சுழலும் டர்பைனும் மின்னாக்கியும். பனிப்போர்க் காலத்து இந்தியா எந்த அணியிலும் சேராமல் எல்லா அணியிடமும் தொழில்நுட்பம் கேட்டது. போபாலுக்கு லண்டனும், ஹரித்வாருக்கு மாஸ்கோவும், ராமச்சந்திராபுரத்துக்குச் செக் நாட்டு ஸ்கோடாவும் ஆசான்களானது அப்படித்தான். அணிசேராக் கொள்கைக்கு ஒரு விலையும் இருந்தது. வரைபடங்கள், அளவு முறைகள், உலோகத் தரங்கள் ஆலைக்கு ஆலை வேறுபட்டன. போபாலில் பழகிய தொழிலாளி ராமச்சந்திராபுரத்தில் மறுபடி கற்க வேண்டியிருந்தது.

1965-ல் ராமச்சந்திராபுரத்தில் உற்பத்தி தொடங்கியது. அங்கே நடக்கும் வேலையின் நுணுக்கத்தை அறிய டர்பைனின் சுழலித் தண்டு ஒன்றைப் பார்த்தால் போதும். இந்தியாவின் மின்சாரம் நொடிக்கு 50 சுற்று அலைவெண் கொண்டது. இரு துருவ மின்னாக்கியைச் சுழற்றும் டர்பைன் அதற்காக நிமிடத்துக்கு 3,000 முறை சுழல வேண்டும். பல டன் எடையுள்ள தண்டு, அதில் வரிசை வரிசையாகப் பொருத்திய தகடுகள். எடைப்பரவலில் சில கிராம் பிசகினாலும் அந்த வேகத்தில் தாங்கிகள் அதிரும். ஆகவே தண்டைத் தாங்கிகள்மேல் ஏற்றிச் சுழற்றி, அதிர்வை அளந்து, எந்தக் கோணத்தில் எவ்வளவு எடை சேர்ப்பது என்று கணக்கிட்டு, நிறுத்தி, சேர்த்து, மறுபடி சுழற்றுகிறார்கள். காற்றின் உராய்வில் தகடுகள் சூடேறாதிருக்க, காற்றை உறிஞ்சி எடுத்த சுரங்கம் போன்ற அறைக்குள் இந்தச் சோதனை நடக்கும். இயல்பு வேகத்தைத் தாண்டியும் ஓட்டிப் பார்ப்பார்கள். மின்நிலையத்தில் சுமை திடீரென அறுந்தால் டர்பைன் வேகமெடுக்கும். அந்த நேரத்தில் தகடு பிய்த்துக்கொண்டு பறக்கக் கூடாது.

இந்த வேலைக்கான கைகள் அக்கம்பக்கத்தில் கிடைக்கவில்லை. கடைசல்காரர்கள், பற்றவைப்பவர்கள், சுருள் சுற்றுபவர்கள், வரைவாளர்கள் எல்லோரும் நாட்டின் பல மூலைகளிலிருந்து வந்தார்கள். நகரம் பல கிலோமீட்டர் தள்ளி இருந்தது. அதனால் ஆலையோடு ஊரையும் கட்ட வேண்டியிருந்தது. அன்றைய பொதுத்துறை வழக்கப்படி டவுன்ஷிப் எழுந்தது: குவார்ட்டர்ஸ் வரிசைகள், மருத்துவமனை, பள்ளிகள், கடைவீதி, விளையாட்டுத் திடல், சமூகக் கூடம். யாருக்கு எந்த வகை வீடு என்பதை ஊதியப் படிநிலை தீர்மானித்தது. சாதியையும் மொழியையும் கேட்காத ஒதுக்கீடுதான். ஆனாலும் கிராமத்துத் தெருவுக்குப் பதிலாகப் பதவித் தெரு வந்தது என்று சொல்வது மிகையாகாது. தெலுங்கு, உருது, தமிழ், மலையாளம், இந்தி பேசும் குடும்பங்கள் ஒரே வரிசையில் குடியிருந்தன. மைதானத்தில் விளையாடும் பிள்ளைகள் பேசியது எல்லாம் கலந்த ஹைதராபாத் பாணி இந்தி.

வேலிக்கு வெளியே வேறு கதை. ஆலையையும் அதன் ஊதியத்தையும் நம்பிய குடியிருப்புகள் நெடுஞ்சாலையை ஒட்டிப் பெருகின. குறைந்த வருவாய்ப் பிரிவு, நடுத்தர வருவாய்ப் பிரிவு என்ற வீட்டுவசதிக் கொள்கையின் வகைகள் எல்ஐஜி, எம்ஐஜி என்று காலனிகளுக்கும் பேருந்து நிறுத்தங்களுக்கும் பெயராக நிலைத்தன. டவுன்ஷிப்புக்குள் தண்ணீர், விளக்கு, சாக்கடை எல்லாம் நிறுவனத்தின் பொறுப்பு. வெளியே ஊராட்சி முடிந்ததைச் செய்தது. பொதுத்துறை கட்டிய சமூகம் உண்மையான சமூகம்; அதன் எல்லை மதில்சுவர் என்பதும் உண்மை.

ஆலையின் தொடக்க காலச் சரக்கு தமிழ்நாட்டுக்கு வந்தது. பெல் செய்த முதல் அனல்மின் தொகுதி 30 மெகாவாட் திறனுள்ளது; 1969-ல் சென்னை பேசின் பிரிட்ஜில் இயங்கத் தொடங்கியது. அடுத்த ஆண்டு எண்ணூரில் 60 மெகாவாட் தொகுதி. 1970-களின் நடுவில் எண்ணூர் நிலையம் இரண்டு 60 மெகாவாட், மூன்று 110 மெகாவாட் தொகுதிகளுடன் 450 மெகாவாட் திறன் பெற்றது. அறுபதும் நூற்றுப்பத்தும்தான் அக்காலத்தில் ராமச்சந்திராபுரத்தின் முத்திரை அளவுகள். எண்ணூர் நிலையம் 2017 மார்ச் 31 அன்று மூடப்பட்டது.

அதற்கு வெகு முன்பே, எழுபதுகளிலேயே, அந்த 60, 110 மெகாவாட் அளவுகள் சிக்கலாகியிருந்தன. தொகுதி பெரிதாக ஆக, ஒரு மெகாவாட்டுக்கு ஆகும் செலவும் ஒரு யூனிட்டுக்கு எரியும் நிலக்கரியும் குறைகின்றன. ஆனால் சிறிய மின்கட்டத்தில் பெரிய தொகுதி ஆபத்து. அது நின்றால் கட்டமே தள்ளாடும். மாநிலக் கட்டங்கள் தனித்தனியாக இருந்தவரை அறுபது மெகாவாட் பொருத்தமாக இருந்தது. 1960-களின் நடுவிலிருந்து மண்டல வாரியங்கள் மாநிலங்களை இணைக்கத் தொடங்கின. 1975-ல் தேசிய அனல்மின் கழகம் பிறந்து, சுரங்கத்தின் வாசலிலேயே பெருநிலையங்களைத் திட்டமிட்டது. இருநூறு மெகாவாட் வகுப்பு நாட்டின் பொது அளவாயிற்று. அதன் வரைபடமோ சோவியத் வழியில் ஹரித்வாரிடம் இருந்தது. ராமச்சந்திராபுரத்தின் வேலைத் திறமையில் குறை ஒன்றுமில்லை. மின்கட்டம் வளர்ந்தது, செக் வரைபடம் வளரவில்லை, அவ்வளவுதான்.

ஆலை பிழைத்தது வேறு பாதையில். 1972-ல் பெல்லின் தலைமைக்கு வந்த வி. கிருஷ்ணமூர்த்தி திருச்சி ஆலையில் அனுபவம் பெற்றவர். அவர் காலத்தில், 1974-ல், போபால் நிறுவனம் பெல்லுடன் இணைந்தது. ஆலைகள் ஒரே பொருளுக்காக ஒன்றோடொன்று போட்டியிடாமல் வேலையைப் பகிர்ந்துகொள்ள அது வழி திறந்தது. நிறுவனத்தின் மைய ஆராய்ச்சிப் பிரிவு ஹைதராபாத்திலேயே, விகாஸ் நகரில் அமைந்தது. ராமச்சந்திராபுரம் சர்க்கரை, உரம், சுத்திகரிப்பு ஆலைகளுக்கான தொழிலக டர்பைன்கள், இத்தாலிய உரிமத்தில் அமுக்கிகள், ஜெனரல் எலெக்ட்ரிக் உரிமத்தில் எரிவாயு டர்பைன்கள், நிலக்கரியைப் பொடியாக்கும் அரைவை ஆலைகள், பம்புகள், எண்ணெய்க் கிணறு தோண்டும் ரிக்குகள் என்று கிளைத்தது. ஒரே பொருளை நம்பிய ஆலை பல பொருள் ஆலையாக மாறியதால்தான் டவுன்ஷிப் காலியாகாமல் தப்பியது.

மின்தொழிலுக்கும் அரசியலுக்கும் இன்னொரு முடிச்சும் இந்த வட்டாரத்தில் விழுந்தது. 1969-ன் தனித் தெலங்கானா கிளர்ச்சி கொத்தகூடம் அனல்மின் நிலையத்தில் உள்ளூர்க்காரர்களுக்கு வேலை மறுக்கப்பட்டதாக எழுந்த புகாரில் பற்றிக்கொண்டது. தெலங்கானாவுக்கு ஒதுக்கிய வேலைகளில் வெளியூர்க்காரர்கள் அமர்ந்துவிட்டார்கள் என்பதே குற்றச்சாட்டு. அடுத்து ஆந்திரப் பகுதியில் எதிர்க்கிளர்ச்சி. 1973-ன் ஆறு அம்சத் திட்டம் இரண்டையும் தணிக்க முயன்றது. அதன்படி அரசமைப்பின் 32-வது திருத்தம் 371-டி பிரிவைச் சேர்த்தது. 1975-ன் குடியரசுத் தலைவர் ஆணை மாநில அரசு வேலைகளில் உள்ளூர்க்காரர்களுக்கு ஒதுக்கீடு தந்தது. அதே திட்டத்தின் கனியாக 1974-ல் தொடங்கிய ஹைதராபாத் மத்தியப் பல்கலைக்கழகம், ராமச்சந்திராபுரத்திலிருந்து சில கிலோமீட்டர் தொலைவில் கச்சிபௌலியில் இடம்பெற்றது. ஆனால் அந்த ஆணை மத்திய அரசு நிறுவனங்களைத் தொடவில்லை. மேதக் கிராமத்துப் பிள்ளைக்கு மாநில அலுவலகத்தில் கிடைத்த உரிமை, ஊரின் நடுவே நின்ற ஆலையில் சட்டப்படி கிடைக்கவில்லை.

மாநிலம் இந்த வட்டாரத்துக்கு வேறு மருந்து கொடுத்தது. பின்தங்கிய பகுதி என்ற பெயரில் அருகிலுள்ள பட்டான்செரு, பொல்லாரம் பக்கம் தொழிற்பேட்டைகள் திறக்கப்பட்டன. நேரமும் கைகொடுத்தது. நகரின் பாலாநகரில் சோவியத் உதவியுடன் அமைந்த அரசு மருந்து ஆலை ஐடிபிஎல் வேதியியலாளர்களைப் பழக்கியிருந்தது. 1970-ன் காப்புரிமைச் சட்டம் மருந்துக்கு அல்லாமல் அதைச் செய்யும் முறைக்கு மட்டும் காப்புரிமை தந்ததால், வேறு வழியில் அதே மருந்தைச் செய்யலாம் என்றாயிற்று. ஐடிபிஎல்லில் பணிபுரிந்த கே. அஞ்சி ரெட்டி 1984-ல் தன் பெயரில் நிறுவனம் தொடங்கினார். மூலமருந்து ஆலைகள் வரிசையாக முளைத்தன.

இந்த ஆலைகளின் கழிவு நக்கவாகு ஓடையில் இறங்கியது. வயலும் கிணறும் கெட்ட கிராமங்களின் வழக்கு 1990-ல் உச்ச நீதிமன்றம் சென்றது. இழப்பீடும் குடிநீர் வசதியும் பல ஆண்டுகள் நீண்ட நீதிமன்ற நடவடிக்கைகளில் துளித்துளியாகக் கிடைத்தன. 2007-ல் ஸ்வீடனின் ஆய்வாளர் ஜோகிம் லார்சனும் உடனாய்வாளர்களும் வெளியிட்ட ஆய்வு உலகைத் திரும்பிப் பார்க்க வைத்தது. பட்டான்செருவின் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்திலிருந்து வெளியேறிய நீரில் ஒரு லிட்டருக்கு 31 மில்லிகிராம் வரை சிப்ரோஃப்ளாக்சசின் என்ற நுண்ணுயிர் எதிர்ப்பு மருந்து இருந்தது. மருந்து உட்கொண்டவரின் ரத்தத்தில் இருக்கும் அளவைவிட அதிகம் அது. சுத்திகரிப்பு விதிகள் அதுவரை உப்பையும் ஆக்சிஜன் தேவையையும் அளந்தனவே தவிர, நுண்ணுயிர் எதிர்ப்பு மருந்தை அளக்கவில்லை. 2020 ஜனவரியில் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் ஆலைக் கழிவில் இந்த மருந்துகளுக்கு வரம்பு வைக்கும் வரைவை வெளியிட்டது. 2021-ல் வந்த இறுதி விதிகளில் அந்த வரம்புகள் இல்லை. பட்டான்செருவில் ஆலை வந்தது, ஊர் கட்டப்படவில்லை. டவுன்ஷிப்பின் மதிலைக் குறைசொல்பவர்கள் இந்த அண்டைப் பகுதியையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

1991-ன் பொருளாதாரத் தாராளமயத்துக்குப் பிறகு பெல் பாதுகாப்பான சந்தையை இழந்தது. தனியார் மின்நிலையங்கள் விரும்பிய நாட்டு இயந்திரத்தை வாங்கின. 2000-களின் இறுதியில் சீன டர்பைன்கள் மலிவு விலையில் குவிந்தன. உள்நாட்டு உற்பத்தியாளர்களின் நீண்ட முறையீட்டுக்குப் பின் 2012 ஜூலையில் மத்திய அமைச்சரவை மின்நிலைய இயந்திர இறக்குமதிக்கு 21 சதவீத வரி விதிக்க ஒப்புக்கொண்டது. அதற்குள் கணிசமான கொள்முதல் ஆணைகள் கைமாறிவிட்டன. 2013-ல் பெல்லுக்கு, பெரிய பொதுத்துறை நிறுவனங்களுக்கு மத்திய அரசு தரும் மகாரத்னா தகுதி கிடைத்தது.

ஊரின் நிர்வாக முகவரியும் மாறிக்கொண்டே வந்தது. 2007 ஏப்ரலில் பன்னிரண்டு நகராட்சிகளை ஹைதராபாத் மாநகராட்சியுடன் இணைத்துப் பெருநகர மாநகராட்சி உருவானபோது ராமச்சந்திராபுரமும் பட்டான்செருவும் அந்தப் பன்னிரண்டில் அடக்கம். 2016 அக்டோபரில் தெலங்கானா மாவட்டங்களைப் பிரித்தபோது மேதக் போய் சங்காரெட்டி வந்தது. வரி வாங்குவது ஒரு நிர்வாகம், நிலப் பதிவு பார்ப்பது வேறொரு நிர்வாகம் என்று இரட்டை வாழ்க்கை.

1998-ல் மாதாப்பூரில் சைபர் டவர்ஸ் திறந்த பின் மென்பொருள் பூங்காக்கள் கச்சிபௌலி வழியே மேற்கு நோக்கிப் பரவின. அவற்றின் ஊழியர்களுக்காக நல்லகண்ட்லா, தெல்லாப்பூர் வயல்களில் அடுக்குமாடிகள் எழுந்தன. முந்தைய தலைமுறைக்கு நகரத்தின் கடைக்கோடியாக இருந்த டவுன்ஷிப், இப்போது மரங்கள் அடர்ந்த நடுப்பகுதி. 2003-ல் லிங்கம்பள்ளி வரை ஓடத் தொடங்கிய எம்எம்டிஎஸ் உள்ளூர் ரயில், இரண்டாம் கட்டத்தில் தெல்லாப்பூர் வழியாக ராமச்சந்திராபுரத்துக்கு நீட்டிக்கப்பட்டது.