ஆஸ்பத்திரியின் பின்வளவு

எங்கள் குழுவில் கட்டடக்கலை படிக்கிற தோழி ஒருத்தி இருக்கிறாள். போன மாதம் ஒரு வரைபடத்தைக் கொண்டுவந்து மேசையில் விரித்தாள். திருகோணமலைத் துறைமுகப் பக்கம் ஓர் ஆஸ்பத்திரி இருப்பதாக வைத்துக்கொண்டு, அதற்கு ஒரு கழிவு முகாமைத்துவக் கட்டடம் வரைய வேண்டும். அதுதான் அவளுக்குக் கொடுத்த பயிற்சி. வெளிநோயாளர் பிரிவு, விடுதிகள், பிரேத அறை எல்லாம் பெயரோடு இருந்தன. கழிவுக் கட்டடம் மட்டும் பின்மதிலோடு ஒட்டின ஒரு சின்னச் சதுரம்.

"ஏன் அங்க வைச்ச நீ?" என்று கேட்டோம்.

"எல்லா ஆஸ்பத்திரியிலயும் அங்கதானே இருக்கு" என்றாள்.

அவள் சொன்னது சரி. ஆனால் ஏன் அங்கே? இதைத் தேடப் போனால் நூற்றைம்பது வருசத்துக்கு மேல் பின்னால் போக வேண்டியிருக்கிறது. தொடக்கமும் எங்கள் ஊரிலேயே கிடைக்கிறது.

திருகோணமலையில் ஆங்கிலேயர் காலத்துக் கல்லறைத் தோட்டம் ஒன்று உண்டு. சார்ல்ஸ் ஒஸ்டின் என்ற கடற்படைத் தளபதியை அங்கேதான் புதைத்திருக்கிறார்கள். நாவலாசிரியை ஜேன் ஒஸ்டினின் தம்பி. 1852 ஒக்டோபரில், பர்மாவின் ஐராவதி ஆற்றில் கப்பலில் இருந்தபோது வாந்திபேதி வந்து இறந்தார். அது எதனால் வருகிறது என்று அன்றைக்கு ஒரு வைத்தியருக்கும் உறுதியாகத் தெரியாது. கெட்ட காற்றுத்தான் நோய் என்பது பலரது நம்பிக்கை. ஜோன் ஸ்னோ லண்டனில் ஒரு தண்ணீர்ப் பம்பைக் காட்டி, நோய் தண்ணீரில் வருகிறது என்று வாதிட்டது 1854இல். ரொபர்ட் கொக் கல்கத்தாவில் அந்தக் கிருமியை உறுதிப்படுத்தியது 1884இல்.

நாற்றம்தான் நோய் என்றால் தீர்வு லேசு: நாறுவதைத் தூரத்தில் வை, காற்று போகிற பக்கத்தில் வை. பின்வளவு அப்படித்தான் வந்தது. கிருமி பிடிபட்ட பிறகு அந்த நியாயம் செத்துப்போனது. பின்வளவு மட்டும் சாகவில்லை.

ஆனாலும் அந்தக் காலத்துப் பின்வளவில் பெரிதாய் ஒன்றும் சேரவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். சிரிஞ்ச் கண்ணாடி. ஊசியைக் கொதிக்க வைத்துத் திரும்பப் பாவித்தார்கள். பழந்துணியைத் தோய்த்துக் கட்டுத்துணி ஆக்கினார்கள். எங்கள் அம்மம்மாமார் ஆஸ்பத்திரிக்குப் போத்தல் கொண்டுபோய் மருந்து வாங்கின கதை எல்லார் வீட்டிலும் இருக்கும். 1950களின் நடுவில் நியூசிலாந்தின் கொலின் மேர்டொக் பிளாஸ்டிக் சிரிஞ்சுக்குக் காப்புரிமை எடுத்தார். அதற்குப் பிறகு இரத்தப் பை, சேலைன் குழாய், கையுறை என்று ஒவ்வொன்றாக ஒருமுறைப் பாவனைக்கு மாறின. 1980களில் எச்.ஐ.வி. பயம் வந்ததும் திரும்பப் போக வழியில்லாமல் போனது. அது நல்லதுதான், அந்த ஊசிகள் எத்தனையோ பேரைக் காப்பாற்றின. ஆனால் பின்வளவுக்குப் போகிற சாமான் முழுக்க வேறு சாமான் ஆகிவிட்டது. கட்டடம் மட்டும் அதே சதுரம்.

அந்தச் சதுரத்துக்கு உலகம் கண்டுபிடித்த விடை புகைபோக்கி. எரித்துவிட்டால் முடிந்தது என்று நினைத்தார்கள். இரத்தப் பையும் பல குழாய்களும் பீ.வீ.சீ. பிளாஸ்டிக், அதில் குளோரின் இருக்கிறது. அதைச் சூடு போதாத அடுப்பில் எரித்தால் டயொக்சின் வரும், புற்றுநோய் தருகிற நஞ்சு. அமெரிக்காவில் 1997க்கு முன் தொற்றுள்ள மருத்துவக் கழிவில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் எரிக்கப்பட்டது. 1994இல் அந்நாட்டுச் சுற்றாடல் முகவரகம், டயொக்சின் வெளியேற்றத்தில் மருத்துவ எரியூட்டிகளை முன்வரிசையில் வைத்தது. விதிகள் இறுகியதும் ஆயிரக்கணக்கானவை மூடப்பட்டன. நோயைக் குணமாக்கும் இடமே நோயை ஊதிக்கொண்டிருந்தது என்று தெரிய அத்தனை காலம் பிடித்திருக்கிறது.

எரிக்கிறதென்றால் 850 பாகை செல்சியசுக்கு மேல் சூடும், புகையைச் சுத்தம் செய்கிற கருவியும் வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் நிலைப்பாடு. பின்மதில் ஓரத்துச் செங்கல் அடுப்பில் அது நடக்கிற காரியமா?

இலங்கையில் சட்டம் இல்லாமல் இல்லை. 1980ஆம் ஆண்டின் 47ஆம் இலக்கத் தேசிய சுற்றாடல் சட்டம் இருக்கிறது. அதன் கீழ் 2008இல் வந்த ஒழுங்குவிதிகள், மருத்துவக் கழிவைக் கையாள அனுமதிப்பத்திரம் கேட்கின்றன. நிறக்குறியும் உண்டு: தொற்றுள்ளதற்கு மஞ்சள், கூரானவற்றுக்குச் சிவப்புக் கோடு போட்ட மஞ்சள், உணவுக்குப் பச்சை, கடதாசிக்கு நீலம். ஆஸ்பத்திரிக் கழிவில் ஏறத்தாழ 85 வீதம் சாதாரணக் குப்பைதான் என்கிறது உலக சுகாதார நிறுவனம். மிச்சம் 15 வீதத்தை அதோடு கலந்துவிட்டால் நூறும் ஆபத்தாகிவிடும். ஆகவே கழிவுக் கட்டடம் தொடங்குகிற இடம் பின்மதில் இல்லை. நோயாளியின் கட்டிலுக்குப் பக்கத்தில், தாதி ஊசியைக் கழற்றிப் போடுகிற அந்தப் பெட்டி.

பின்வளவு ஒரு நாட்டின் அளவுக்கும் பெரிதாகலாம். 2019இல் கொழும்பில் சுங்கம் பிடித்த கொள்கலன்கள் ஞாபகம் இருக்கும். பழைய மெத்தை, கம்பளம் என்று பதிந்து பிரித்தானியாவிலிருந்து வந்தவற்றுக்குள் ஆஸ்பத்திரிக் கழிவும் இருந்ததாகச் சுங்கம் சொன்னது. மொத்தம் 263 கொள்கலன். முதல் 21ஐ 2020 செப்டெம்பரில் திருப்பி அனுப்பினார்கள், கடைசித் தொகுதி 2022 பெப்ரவரியில் போனது. துறைமுக ஊரில் வளர்ந்த எங்களுக்கு அந்தச் செய்தி கொஞ்சம் கூடவே சுட்டது.

எரிக்காமல் செய்து காட்டின ஊர் தூரத்தில் இல்லை. காத்மண்டுவின் பீர் ஆஸ்பத்திரி 1889இல் தொடங்கின, நேபாளத்தின் பழைய அரச ஆஸ்பத்திரி. 2010 முதல் அங்கே மஹேஷ் நகர்மியும் அவரது குழுவும் கழிவை விடுதியிலேயே பிரிக்க வைத்தார்கள். தொற்றுள்ளதை ஓட்டோக்ளேவில், அழுத்த நீராவியில் அவித்தார்கள். அவித்துக் கிருமி போன பிளாஸ்டிக்கையும் கண்ணாடியையும் விற்றார்கள். ஊசி வெட்டுகிற சின்னக் கருவி, சாப்பாட்டுக் கழிவுக்குச் சாணவாயு போன்ற கலன். பெரிய தொழில்நுட்பம் ஒன்றுமில்லை.

இதையெல்லாம் கதைச்ச பிறகு தோழி திரும்ப வரைந்தாள். முதலில் காற்று. எங்கள் ஊரில் வைகாசி தொட்டு சோளகம் தென்மேற்கிலிருந்து அடிக்கும், மாரியில் வாடை வடகிழக்கிலிருந்து வரும். ஒன்றில் புகை கடலுக்கும் மீன்பிடிக்கிற ஆட்களுக்கும் போகும், மற்றதில் ஊருக்குள் வரும். இரண்டு பக்கமும் கடல் இருக்கிற ஒடுங்கின நகரத்தில் 'காற்று போகிற பக்கம்' என்று ஒரு பக்கமே இல்லை. புகைபோக்கியை அவள் அழித்தாள்.

பிறகு தரை. கரையோர மணலில் கிணற்றுத் தண்ணீர் கிட்டத்தில் நிற்கும். புதைகுழியின் அடிக்கும் நிலத்தடி நீருக்கும் இடையில் ஒன்றரை, இரண்டு மீற்றர் வேண்டும் என்கிறார்கள். மாரியில் அந்த இடைவெளி கிடைக்காது. 2004 டிசம்பர் 26இல் கடல் கிண்ணியா ஆஸ்பத்திரியை என்ன செய்தது என்று இங்கே யாருக்கும் சொல்லத் தேவையில்லை. தரையைத் தூக்கினாள், மஞ்சள் பைகள் நிற்கிற அறையை இன்னும் தூக்கினாள்.

வெப்பமான ஊர்களில், கோடையில் தொற்றுக் கழிவு 24 மணித்தியாலத்துக்கு மேல் நிற்கக் கூடாது. 2022இல் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்ததை மறந்தால் ஓட்டோக்ளேவ் வெறும் இரும்புப் பெட்டி. அதனால் கூரையில் சூரியத் தகடு, நிழலுள்ள தடித்த சுவர், ஒரு நாள் கூடத் தாங்குகிற இடவசதி. வேலியும் முக்கியம்: காகமும் மாடும் எல்லா ஊரிலும் உண்டு, எங்களுக்கு மான்களும் உண்டு. தெருவில் திரிகிற அந்தப் புள்ளிமான்கள் பொலித்தீன் தின்று சாவது பழகிய செய்தியாகிவிட்டது.

நாங்கள் கூட நேரம் சண்டை பிடித்தது ஒரே விசயத்துக்கு. அசுத்தம் ஒரு வாசலால் வந்து, அவிந்து, சுத்தமாய் மற்ற வாசலால் போக வேண்டும். பாதை திரும்பக் கூடாது. சரி, அந்தப் பைகளைத் தூக்குகிற சிற்றூழியர் எந்த வாசலால் போவார்? முதல் வரைபடத்தில் அவருக்கு முகம் கழுவ ஒரு குழாய் இல்லை. இப்போது குளிக்கிற அறை, உடுப்பு மாற்றுகிற அறை, பைகள் இருக்கிற பக்கம் கண்ணில் படாத யன்னலோடு தேத்தண்ணி குடிக்கிற ஓர் அறை. அதற்காக அவள் கட்டடத்தைப் பின்மதிலிலிருந்து பிரித்து, லொறி வருகிற பாதைக்குப் பக்கத்தில், பகிரங்கமாய் வைத்தாள். இடம் வீண் என்று எங்களில் ஒருவர் இன்னமும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

ஒரு மூலை இன்னும் முடியவில்லை. காலாவதியான மருந்தும் புற்றுநோய் மருந்து மிச்சமும் நீராவிக்கு அடங்காது. அவற்றை எங்கே அனுப்புவது என்பதற்கு எங்களிடம் பதிலில்லை. அந்தப் பெட்டிக்குள் இப்போதைக்கு ஒரு பூட்டு மட்டும் வரைந்து வைத்திருக்கிறாள்.