அடங்கி ஒலிக்கும் இரண்டாவது பேஸ்: திருப்புளியா, பெடலா?

மேடையில் பேஸ் கிட்டார் தந்தி அறுவது அபூர்வம். ஆனால் அறுந்துவிட்டால், அல்லது ஜாக் ஆடிப்போனால், ஸ்டாண்டில் சும்மா நின்ற இரண்டாவது கிட்டாரை எடுத்து அடுத்த சரணத்துக்குள் பாட்டில் சேர்ந்தாக வேண்டும். அது முதல் கிட்டாரைவிட எவ்வளவு அடங்கி ஒலிக்கிறது என்பது அப்போதுதான் தெரியவரும். பெரும்பாலும் முதல் கிட்டார், 1976இல் வந்த மியூசிக் மேன் ஸ்டிங்ரே வழியில் செய்யப்பட்ட ஆக்டிவ் வகையாக இருக்கும். 9 வோல்ட் பேட்டரியும் ப்ரீஆம்பும் உள்ளேயே உண்டு. இரண்டாவது, கைக்கு எட்டிய விலையில் வாங்கிய, ஃபெண்டர் பிரெசிஷன் மாதிரியான பாஸிவ் வகை. அதில் பிக்கப்பின் காந்தமும் செம்புக் கம்பிச் சுருளும் எதைத் தருகின்றனவோ அதுதான் கேபிளில் வரும். இரண்டுக்கும் 6 டெசிபெல் வித்தியாசம் என்றால், இரண்டாவதன் மின்னழுத்தம் முதலாவதில் பாதிதான்.

இந்த இடைவெளியை அடைக்க இரண்டு வழிகள். ஒன்று, கிட்டாரைத் திறந்து பிக்கப்பைச் சரிசெய்வது. மற்றொன்று, கிட்டாரைத் தொடாமல் வெளியே ஒரு பூஸ்ட் பெடல் வைப்பது. கடைக்காரர்கள் இரண்டாவதைத்தான் முதலில் சொல்வார்கள். நான் திருப்புளியின் கட்சி. ஆனால் பெடலுக்கும் ஒரு நியாயம் இருக்கிறது.

எந்த வழியானாலும் முதலில் அளக்க வேண்டும். இரண்டு கிட்டாரிலும் வால்யூமை முழுதாக வைத்து, ஒரே விசையில் ஒரே சுரத்தை வாசித்து மிக்சரின் மீட்டரைப் பார்க்கலாம். காதை மட்டும் நம்பினால் ஏமாற்றம்தான். பேஸின் திறந்த ஈ தந்தி சுமார் 41 ஹெர்ட்ஸ். அவ்வளவு தாழ்ந்த ஒலியைக் காது மந்தமாகத்தான் கேட்கும் என்பதை பெல் ஆய்வகத்தின் ஃப்ளெட்சரும் மன்சனும் 1933இலேயே வரைபடமாகப் போட்டுக் காட்டிவிட்டார்கள். ஆகவே மீட்டர் சமமாகக் காட்டும்போதும், மேல் அலைவரிசைகள் தூக்கலாக உள்ள ஆக்டிவ் கிட்டார்தான் சத்தமாக இருப்பதாகத் தோன்றும். அப்போது தேவை கெய்ன் அல்ல. ஆம்பில் மிட் குமிழைக் கொஞ்சம் திருகினால் போதும்.

மீட்டரும் குறைவாகவே காட்டினால் திருப்புளியை எடுக்கலாம். 1957இல் ஃபெண்டர் நிறுவனம் பிரெசிஷனின் பிக்கப்பை இரண்டு துண்டாக்கியது. ஒவ்வொரு துண்டும் இரண்டு தந்திகளுக்கு. ஒவ்வொரு தந்திக்கும் இரண்டு காந்தக் கம்பங்கள். ஈ தந்தியைக் கடைசி ஃப்ரெட்டில் அழுத்திப் பிடித்து, தந்தியின் அடிப்பக்கத்துக்கும் கம்பத்தின் தலைக்கும் உள்ள இடைவெளியைப் பாருங்கள். 3 மில்லிமீட்டரை ஒட்டி இருந்தால் சரி. 5, 6 என்று இருந்தால் சத்தம் ஏன் குறைந்தது என்று வேறெங்கும் தேட வேண்டாம். ஸ்க்ரூவைக் கால் சுற்று கால் சுற்றாகத் தளர்த்தினால் பிக்கப் மேலே வரும்.

வர வேண்டும். பழைய கிட்டாரில் பல சமயம் வராது. ஸ்க்ரூ மட்டும் வெளியே வரும், பிக்கப் குழிக்குள்ளேயே உட்கார்ந்திருக்கும். அதைக் கீழிருந்து தூக்குவது ஒரு ஸ்பாஞ்சுத் துண்டு. ஆண்டுகள் போகப் போக அது இறுகி, தொட்டால் பொடியாக உதிரும். புதிய பிக்கப் வாங்கும் யோசனையில் இருப்பவர்கள் முதலில் அந்த இடத்தில் புது ஸ்பாஞ்சை வைத்துப் பார்க்கலாம். ஆனால் கம்பத்தைத் தந்திக்கு மிக அருகில் கொண்டுபோனால் காந்தம் தந்தியையே இழுக்கும். சுரம் நீளாது, மேல் ஃப்ரெட்டுகளில் சுருதி அலையும். சத்தம் கிடைத்து சுருதி போனால் அந்தக் கிட்டார் எதற்கு?

பெடலில் அந்தத் தொல்லை இல்லை. எம்எக்ஸ்ஆர் மைக்ரோ ஆம்ப் போன்ற சிறிய பெட்டியே 26 டெசிபெல் வரை தூக்கும்; நமக்குத் தேவை அதில் கால்வாசி. கிட்டாரின் குணம் பெரும்பாலும் மாறாது. இன்னொரு லாபமும் உண்டு. பாஸிவ் பிக்கப் நீளமான கேபிளில் மேல் அலைவரிசைகளை இழக்கும். கிட்டாருக்கு அருகில் ஒரு பெடல் இயக்கத்தில் இருந்தால், அதற்குப் பிறகு எத்தனை மீட்டர் ஓடினாலும் ஒலி மங்காது.

ஆனால் இரைச்சல் கணக்கில் பெடல் தோற்கிறது. பிக்கப்பை உயர்த்தினால் தந்தியின் ஒலி மட்டும் கூடும். மேடை விளக்குகளிலிருந்தும் மின்கம்பிகளிலிருந்தும் சுருள் வாங்கும் 50 ஹெர்ட்ஸ் உறுமல் இருந்த அளவிலேயே இருக்கும். பெடலோ தனக்கு முன்னால் புகுந்த எல்லாவற்றையும் சேர்த்துத் தூக்கும். பிரெசிஷனின் இரு துண்டுகள் ஒன்றன் உறுமலை மற்றொன்று அடித்துவிடுவதால் அங்கே இது பெரிதாகத் தெரியாது. ஜாஸ் பேஸில் ஒரு பிக்கப்பை மட்டும் வைத்து வாசித்தால் நன்றாகவே தெரியும்.

அதைவிடப் பெரிய சிக்கல் கால். இரண்டாவது கிட்டாரை மாட்டும்போது பெடலை அழுத்த வேண்டும். முதல் கிட்டாருக்குத் திரும்பும்போது மறக்காமல் அணைக்க வேண்டும். மறந்தால் ஏற்கெனவே உரத்த கிட்டார் இன்னும் உரக்கப் பாயும், சவுண்டுக்காரரின் கை ஃபேடரை நோக்கிப் பாயும். இதற்கு வழி, பெடலை இரண்டாவது கிட்டாரின் தனிக் கேபிளிலேயே நிரந்தரமாகப் போட்டு, கடைசியில் ஒரு ஏ-பி பெட்டியால் மாற்றிக்கொள்வது. செலவு கொஞ்சம் கூடும்.

உள்ளேயே ப்ரீஆம்ப் பொருத்தலாமே என்பார்கள். ரிசர்வ் கிட்டாருக்கு நான் அதைச் சொல்லமாட்டேன். கேபிளைச் செருகினால்தான் பேட்டரி ஓடும் என்பதால், செருகியபடியே மறந்துவிட்டால் அது தீர்ந்துபோகும். மாதக்கணக்கில் பெட்டியில் கிடந்தால் கசியவும் கூடும். ஆபத்துக்கு எடுக்கும் கிட்டார் அந்த நேரத்தில் ஊமையாக நிற்கக் கூடாது. ட்ரூ பைபாஸ் பெடல் செத்தாலும், அணைத்தால் பழைய அடங்கிய சத்தமாவது வரும்.

திருப்புளியால் பெரும்பாலும் இரண்டு மூன்று டெசிபெல்தான் கிடைக்கும். மிச்சத்தைப் பெடல் அடைக்கலாம். இல்லாவிட்டால் எதிர்த்திசையில் யோசிக்கலாம். ஆம்பெக் எஸ்விடி-சிஎல் ஆம்பில் ஒன்றுக்கு இரண்டு உள்ளீடுகள்: ஒன்று சாதாரணம், மற்றொன்று 15 டெசிபெல் தணிப்பது. உரத்த ஆக்டிவ் கிட்டாருக்காகவே வைத்தது. அந்த வசதி இல்லாத ஆம்பென்றால், ஸ்டிங்ரேயின் வால்யூமைச் சற்றுக் குறைத்து வாசித்து, அந்த அளவுக்கே ஆம்பை வைத்துக்கொள்ளலாம். குமிழை எங்கே நிறுத்த வேண்டும் என்று பென்சிலால் ஒரு கோடு போட்டுக்கொண்டால் போதும்.