கன்ட்ரோலர் (கிட்டார் எஃபெக்ட்ஸ் பிராசஸர்)

டிஜிட்டல் கிட்டார் எஃபெக்ட்ஸ் பிராசஸரில் வாசித்துக்கொண்டிருக்கும்போதே ஒலியின் அளவுகளை மாற்ற உதவும் பெடல், சுவிட்ச், திருகு ஆகியவற்றின் பொதுப்பெயர். கிட்டார் கலைஞருக்கு இரு கைகளும் தந்தியில் இருப்பதால், இந்த வேலை பெரும்பாலும் காலுக்கே வருகிறது.

இவற்றில் முதன்மையானது எக்ஸ்பிரஷன் பெடல். வால்யூம் பெடலின் வழியே கிட்டாரின் ஒலி செல்லும்; இதன் வழியே செல்வதில்லை. உள்ளே இருப்பது ஒரு மாறுமின்தடை மட்டுமே. பாதம் சாயும் அளவை மின்னழுத்தமாக அது தெரிவிக்க, பிராசஸர் அதை எண்ணாக்கி, ஒதுக்கப்பட்ட அளவில் செலுத்துகிறது. வா-வா, டிலே, ரிவெர்ப், கெய்ன் என எதையும் ஒதுக்கலாம். ஒரே அசைவில் டிலே கூடவும் கெய்ன் குறையவும் செய்யலாம்.

ஒலியின் தரம் பெரிதும் ஒதுக்கிய அளவுக்கு எல்லை வகுப்பதில்தான் இருக்கிறது. ரிவெர்பை 0 முதல் 100 விழுக்காடு வரை விட்டால் பெடலின் பாதிக்கு மேல் ஸ்வரம் கரைந்துவிடும். 15 முதல் 40 வரை என்று குறுக்கினால் பாதத்தின் சிறு அசைவும் பயன்படும். இந்த அமைப்பைப் பலர் கவனிப்பதே இல்லை என்பது பெரும் இழப்பு.

மின்னணு இசைக்கருவிகள் தமக்குள் செய்தி பரிமாற 1983-இல் அறிமுகமான மிடி நெறிமுறை வழியாகவும் பெடலின் அசைவை அனுப்பலாம். அதில் கன்ட்ரோலர் மதிப்பு வழக்கமாக 0 முதல் 127 வரை, அதாவது 128 படிகள். சுருதி மாற்றத்தில் இப்படிகள் காதில் படக்கூடும் என்பதால் பல கருவிகள் படிகளுக்கு இடையிலான இடைவெளியை நிரவுகின்றன. பெடலால் சுருதியை வளைக்கும் டிஜிடெக் வாமி 1989-இல் வெளிவந்தது. கிட்டார் கலைஞர் டாம் மொரெல்லோவின் வாசிப்பு அதைப் புகழ்பெறச் செய்தது.