பசிக்கு விடுமுறை கிடையாது

(பண்ணை ஒலிபரப்பில் வேளாண் விரிவாக்க அலுவலர் ஒருவர் ஆற்றிய உரை)



வழக்கமாக விதை, உரம், பூச்சி மருந்து என்று பேசுகிறவன் நான். இன்றைக்குப் பிள்ளைகளின் சாப்பாட்டைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். "இதுக்கும் விவசாய ஆபீசருக்கும் என்னய்யா சம்பந்தம்?" என்று கேட்பீர்கள். சம்பந்தம் இருக்கிறது, சொல்கிறேன்.

நான் சத்துணவு சாப்பிட்டுப் படித்தவன். ஏப்ரல் கடைசியில் பள்ளிக்கூடம் மூடினால் ஊர்ப் பிள்ளைகள் எல்லாம் குதிக்கும். எங்கள் தெருவில் இரண்டு மூன்று பிள்ளைகள் மட்டும் குதிக்காது. கோடையில் வயலில் வேலை இராது. அம்மாவுக்குக் கூலி இராது. அதே நேரம் பார்த்துப் பள்ளிக்கூடத்துச் சோறும் நின்றுபோகும். வேலைக்கு விடுமுறை உண்டு, படிப்புக்கு விடுமுறை உண்டு, பசிக்கு மட்டும் கிடையாது.

இந்தச் சங்கடம் நம்ம ஊருக்கு மட்டும் என்று நினைத்துவிடாதீர்கள். பணக்கார நாடான அமெரிக்காவுக்கும் உண்டு. அங்கே விடுமுறை நாளில் பிள்ளைச் சோறு விவசாயிகளின் சந்தை வரைக்கும் எப்படி வந்து சேர்ந்தது என்பதுதான் இன்றைய பேச்சு.

கதை 1930-களில் தொடங்குகிறது. அப்போது அங்கே பெரிய பொருளாதார மந்தம். விலை படுத்துவிட்டது. பால் கறந்த விவசாயி அதை ரோட்டில் கொட்டினான். சோளத்தை அடுப்பில் போட்டு எரித்தவர்களும் உண்டு. 1933-ல் விலையை ஏற்றுவதற்காக அரசாங்கமே சுமார் 60 லட்சம் பன்றிக்குட்டிகளை வாங்கிக் கொன்றது. அதே வருஷம் பட்டணத்து ஜனங்கள் ரொட்டிக்காக வரிசையில் நின்றார்கள். களத்தில் தானியம் கிடக்கிறது, வீட்டில் பிள்ளை பட்டினி கிடக்கிறது. இந்த அநியாயம் அங்கே பலபேர் மனசைச் சுட்டது.

1935-ல் ஒரு சட்டத் திருத்தம் வந்தது. சுங்க வருமானத்தில் 100-க்கு 30 பங்கை ஒதுக்கி, விலை போகாத விளைபொருளை அரசாங்கம் வாங்கலாம் என்றார்கள். வாங்கின பொருளில் ஒரு பகுதி பள்ளிக்கூடத்துச் சாப்பாட்டுக்குப் போனது. 1946-ல் அதிபர் ட்ரூமன் தேசியப் பள்ளி மதிய உணவுச் சட்டத்தில் கையெழுத்துப் போட்டார். பிள்ளைகளின் ஆரோக்கியமும் வேண்டும், உள்நாட்டு விளைபொருள் செலவாகவும் வேண்டும் என்று அந்தச் சட்டமே இரண்டையும் சேர்த்துச் சொல்கிறது. நம்முடைய சம்பந்தம் இங்கேதான் இருக்கிறது. பிள்ளையின் தட்டும் விவசாயியின் களமும் ஒரே கணக்கில் எழுதப்பட்டன.

அந்தக் கணக்கு நம்ம ஊருக்கும் வந்தது. காமராஜர் 1956-ல் மதிய உணவைத் தொடங்கியபோது ஊர் மக்கள் கொடுத்த நெல்லும் பணமும்தான் பெரிய பலம். பிறகு 1961 முதல் 'கேர்' நிறுவனம் வழியாக அமெரிக்காவின் பால் பவுடரும் மக்காச்சோள மாவும் எண்ணெயும் வந்தன. அந்த மஞ்சள் உப்புமாவின் வாசனையை எங்கப்பா இன்றும் சொல்லுவார். அங்கே ஒருவன் களத்தில் மிஞ்சியது இங்கே ஒரு பிள்ளையின் வயிற்றுக்கு வந்தது.

சரி, பள்ளி மூடும் மாதங்களில் அமெரிக்கப் பிள்ளைகள் என்ன செய்தார்கள்? 22 வருஷம் அதற்குத் தனி ஏற்பாடு இல்லை. 1968-ல் சோதனையாக ஒரு திட்டம் வந்தது. 1975-ல் கோடை உணவுத் திட்டம் என்று தனியாக நிலைபெற்றது. ஏழைப் பிள்ளைகள் அதிகம் உள்ள வட்டாரத்தில் ஒரு இடம் பிடித்து, 18 வயது வரை யார் வந்தாலும் சாப்பாடு. பூங்கா, நூலகம், தேவாலயம் என்று இடங்கள் திறந்தார்கள்.

இதே சமயம் விவசாயிகளின் சந்தையும் அங்கே மறுபிறவி எடுத்தது. பெரிய கடைகள் வந்த பிறகு பழைய சந்தைகள் பல மங்கிக் கிடந்தன. 1976-ல் விளைவித்தவனே நேரில் விற்பதை ஊக்குவிக்கச் சட்டம் வந்தது. அதே வருஷம் நியூயார்க் நகரத்தில் 'கிரீன் மார்க்கெட்' தொடங்கியது. 1994-ல் நாடு முழுக்க 1,755 சந்தைகள் இருந்தன. இருபதே வருஷத்தில் 8,000-ஐத் தாண்டின.

சில ஊர்களில் இந்த இரண்டையும் முடிச்சுப் போட்டார்கள். சந்தையின் ஓரத்தில் ஒரு மேஜை. பால், தானிய உணவு, பருப்போ இறைச்சியோ ஒன்று, காய்கனி இரண்டு வகை. சமைத்துக் கொண்டுவருவது பள்ளி நிர்வாகமோ தொண்டு நிறுவனமோ. ஒரு சாப்பாட்டுக்கு இவ்வளவு என்று அரசாங்கம் பணம் கொடுத்துவிடும். ஆகவே கடை போட்ட விவசாயி கையைவிட்டுக் கொடுக்க வேண்டியதில்லை.

சந்தையில் வைத்ததால் என்ன லாபம்? முதலாவது, தாய் எப்படியும் காய் வாங்க வருகிறாள், பிள்ளையும் கூட வருகிறது. இரண்டாவது, மானம். இலவசச் சோறு என்று தனி இடத்தில் வரிசை நின்றால் பத்துப் பேர் பார்ப்பார்கள். சந்தைக் கூட்டத்தில் யார் எதற்கு வந்தார்கள் என்று யாருக்குத் தெரியும்? பெயர் எழுது, வருமானச் சான்று கொடு என்று பிள்ளையைக் கேட்பதும் இல்லை. மூன்றாவது, சாப்பாட்டுக்கு வந்த குடும்பம் இரண்டு கூறு தக்காளியும் வாங்கிப் போகும். கடைக்காரருக்கும் வியாபாரம்.

குறையையும் சொல்லிவிடுகிறேன். பிள்ளை அங்கேயே உட்கார்ந்து சாப்பிட வேண்டும் என்பது நெடுநாள் விதி. வீட்டில் இருக்கும் தம்பிக்கு எடுத்துப் போக முடியாது. பெரியவர்கள் சாப்பாட்டுக்கு அந்தத் திட்டத்தில் பணம் கிடையாது. பசியோடு நிற்கிற தாய், பிள்ளை சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான். வண்டி இல்லாத தூரத்துப் பண்ணைக் கிராமங்களுக்கு இது சரியாக எட்டவும் இல்லை. 2022 டிசம்பரில் சட்டம் மாறியது. 2023 கோடை முதல் கிராமப் பகுதிகளில் பொட்டலமாக வாங்கிப் போகலாம் என்றார்கள். 2024-ல் சேர்ந்துகொண்ட பெரும்பாலான மாநிலங்களில் கோடைக்கு ஒரு பிள்ளைக்கு 120 டாலர் உணவு வாங்க அட்டை வழியாகக் கொடுக்கத் தொடங்கினார்கள். வழிக்கு வர அரை நூற்றாண்டு ஆயிற்று.

நம்ம நாட்டில் 2004-ல் உச்ச நீதிமன்றம், வறட்சி பாதித்த பகுதிகளில் கோடை விடுமுறையிலும் மதிய உணவு போட வேண்டும் என்று உத்தரவிட்டது. உழவர் சந்தை நமக்கும் புதிதல்ல. முதல் உழவர் சந்தை மதுரையில் திறந்தது 1999 நவம்பர் 14, குழந்தைகள் தினம்.

பெருமக்களே, நான் புதுத் திட்டம் எதையும் அறிவிக்க வரவில்லை. எனக்கு அந்த அதிகாரமும் இல்லை. ஒன்றை மட்டும் யோசித்துப் பாருங்கள். மே மாதம் காலையில் சந்தைக்குப் போகிறீர்கள். மதியம் விற்காமல் நின்ற கத்தரியும் பூசணியும் வாடிக் கிடக்கும். அதே ஊரில் பள்ளி திறக்கும் நாளை எண்ணிக்கொண்டு ஒரு பிள்ளை உட்கார்ந்திருக்கும். 1956-ல் நெல் அளந்து கொடுத்த கிராமங்கள் நம்முடையவை. இந்த இரண்டுக்கும் நடுவே இருக்கிற தூரம் அதிகமில்லை. உங்கள் ஊர்ச் சந்தையில், ஊராட்சிக் கூட்டத்தில், மகளிர் குழுவில் பேசிப் பாருங்கள்.