கன்னியர் மடத்து ஆவணங்களும் மறதிநோய் ஆய்வும்: டேவிட் ஸ்னோடனின் ஆய்வுப் பணி – ஒரு வரலாற்று நோக்கு

ஆய்வுச்சுருக்கம்

அமெரிக்க நோய்ப்பரவலியல் அறிஞர் டேவிட் ஸ்னோடன் 1986இல் தொடங்கிய ‘கன்னியர் ஆய்வு’, முதுமைக்கால மறதிநோய் பற்றிய சிந்தனையில் குறிப்பிடத்தக்க இடம்பெற்றது. அறிவியல் நோக்கமின்றி எழுதப்பட்ட மடத்து ஆவணங்கள் அவ்வாய்வில் மருத்துவச் சான்றுகளாக மாறிய முறையையும், அச்சான்றுகளின் எல்லைகளையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: நோய்ப்பரவலியல், மறதிநோய், அல்சைமர், தன்வரலாறு, கருத்துச்செறிவு

முன்னுரை

ஒரு நோயின் காரணத்தை மக்கள்தொகையின் அடிப்படையில் தேடுவோர்க்குப் பெருந்தடையாக அமைவது மக்களின் வாழ்க்கை வேறுபாடே. உணவு, வருமானம், தொழில், புகைப்பழக்கம், மருத்துவ வசதி ஆகியன ஆளுக்கு ஆள் மாறுபடுவதால், எது காரணம், எது உடன்நிகழ்வு எனப் பிரித்தறிதல் அரிது. இத்தடையைக் கடக்க, ஒரே வகையான வாழ்க்கை நடத்தும் சமயக் குழுக்களை ஆய்வாளர் சிலர் நாடினர். ஏழாம் நாள் அட்வெண்டிஸ்ட் சபையினரின் உணவுமுறையையும் நோய்களையும் முன்னரே ஆராய்ந்திருந்த ஸ்னோடன், இவ்வழியை நன்கு அறிந்தவர்.

ஆய்வுக்களம்

மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் பணியாற்றியபோது, மாங்கேட்டோ நகரிலிருந்த நோட்ரே டேம் பள்ளிச் சகோதரியர் சபையின் மடத்தில் அவர் தம் முன்னோடி ஆய்வைத் தொடங்கினார். ஒரே உணவு, ஒரே உறைவிடம், ஒத்த மருத்துவக் கவனிப்பு என வாழ்ந்த அச்சகோதரியரிடையே கல்வியில் மட்டும் வேறுபாடு இருந்தது. பட்டம் பெற்றோர் பெரும்பாலும் ஆசிரியப்பணியும், மற்றையோர் சமையல் முதலிய மடத்துப் பணிகளும் செய்தனர். உயர்கல்வி பெற்றோர் நீண்ட காலம் வாழ்ந்ததோடு, முதுமையிலும் பிறர் உதவியை அதிகம் நாடாதிருந்தனர் என்பது அவரது தொடக்கக் கண்டறிதலாகும்.

1990இல் கென்டக்கி பல்கலைக்கழகத்திற்கு இடம்பெயர்ந்த பின்னர் ஆய்வு விரிவடைந்தது. 1917க்கு முன் பிறந்து, சேர்க்கைக்குத் தகுதிபெற்றிருந்த 1,027 சகோதரியருள் 678 பேர் இணைந்தனர். ஆண்டுதோறும் நினைவாற்றல், உடல்திறன் சோதனைகளுக்கு உட்படவும், இறப்புக்குப்பின் தம் மூளையை ஆய்வுக்கு அளிக்கவும் அவர்கள் அனைவரும் இசைந்தனர். பிள்ளைப்பேற்றைத் துறந்து கற்பித்தலை வாழ்வாகக் கொண்ட தங்களுக்கு, இக்கொடையும் கற்பித்தலின் தொடர்ச்சியே எனப் பலர் கருதினர். அவர்களது இசைவின்றி இவ்வாய்வு இல்லை.

ஆவணம் சான்றாதல்

மடத்தின் கோப்புகளில் சகோதரியர் பலர் இளமையில் தம் கையாலேயே எழுதிய தன்வரலாறுகள் இருந்தன. இறுதி வார்த்தைப்பாட்டிற்கு முன் ஒரு தாளில், 200 முதல் 300 சொற்களில், தம் பிறப்பும் பெற்றோரும் கல்வியும் அழைப்பும் பற்றி எழுதுமாறு 1930இல் சபைத் தலைமை பணித்திருந்தது. சபையின் பதிவுக்காக எழுதப்பட்ட இத்தாள்கள், அறுபது ஆண்டு காலத்தை இணைக்கும் அறிவியல் ஆவணங்களாயின.

மொழியியலாளர் சூசன் கெம்பர் இவற்றின் கருத்துச்செறிவை, அதாவது பத்துச் சொற்களில் அடங்கும் கருத்துகளின் எண்ணிக்கையைக் கணக்கிட்டார். சராசரியாக 22 வயதில் எழுதப்பட்ட 93 தன்வரலாறுகள் ஆராயப்பட்டன. கருத்துச்செறிவு குறைந்தோர், ஏறத்தாழ 58 ஆண்டுகளுக்குப் பின் நிகழ்ந்த அறிவாற்றல் சோதனைகளிலும் குறைந்த மதிப்பெண்ணே பெற்றனர். இறந்து மூளை ஆராயப்பட்ட 14 பேருள், குறைந்த செறிவுடையோர் அனைவரிடமும் அல்சைமர் நோய் உறுதியாயிற்று. உயர்செறிவுடையோர் எவரிடமும் அது காணப்படவில்லை. 1996இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் வெளியான இம்முடிவு பெருங்கவனம் பெற்றது.

மூளையும் மறதியும்

101 வயதில் மறைந்த சகோதரி மேரி, இறுதிவரை சோதனைகளில் உயர்ந்த மதிப்பெண் பெற்றவர். எனினும், அவரது மூளையில் அல்சைமருக்குரிய புரதப் படிவுகளும் நரம்பிழை முடிச்சுகளும் மிகுதியாகவே இருந்தன. மூளையின் சிதைவும் வாழ்வில் வெளிப்படும் மறதியும் ஒன்றல்ல என்பதை இது உணர்த்திற்று. இவ்விரண்டுக்கும் இடையிலான இடைவெளிக்கு 1997இல் வெளியான மற்றோர் ஆய்வு ஒரு விளக்கம் தந்தது: அல்சைமர் மாற்றங்கள் கொண்ட மூளைகளில், குருதியோட்டத் தடையால் உண்டான சிறு சேதங்களும் சில ஆழ்பகுதிகளில் சேர்ந்திருந்தால் மறதிநோய் வெளிப்படுதல் பன்மடங்கு மிகுந்தது. எனவே பக்கவாதத் தடுப்பு, மறதிநோயைத் தள்ளிப்போடும் வழியாகவும் கருதப்படலாயிற்று.

சான்றின் எல்லைகள்

இளமையின் மொழித்திறன் மூளைக்குத் தாங்குதிறன் அளித்ததா? அன்றி, குறைந்த கருத்துச்செறிவே பல பத்தாண்டுகளுக்கு முன்னரே தொடங்கிவிட்ட நோயின் முதல் அறிகுறியா? நரம்பிழை முடிச்சுகள் இளவயதிலேயே தோன்றக்கூடும் என ஹைக்கோ பிராக் காட்டியமையால், பின்னைய ஐயம் புறக்கணிக்கத்தக்கதன்று. முதல் விடை சரியெனின், கல்வி ஒரு தடுப்பாகும். இரண்டாவது சரியெனின், எழுத்து ஒரு நோயறிகுறி மட்டுமே. ஒரே தாளை இருவகையாகவும் படிக்க இயலும் என்பதே இவ்வாய்வின் மையச் சிக்கல்.

மேலும், 14 மூளைகள் சிறிய எண்ணிக்கையே. ஆய்வுக்குப் பெருவலிமை அளித்த ஒரேவகை வாழ்க்கை, அதன் முடிவுகளை ஆண்களுக்கும் பிற சமூகத்தார்க்கும் அப்படியே பொருத்தவியலாமல் செய்கிறது. கருத்துச்செறிவும் ஆங்கிலச் சொல்லை அலகாகக் கொண்ட அளவை. வேற்றுமையும் காலமும் இடமும் ஒரே சொல்லுள் அடங்கும் தமிழ் போன்ற மொழிகளுக்கு அதனை மாற்றமின்றிப் பயன்படுத்துதல் பொருந்தாது.

முடிவுரை

2001இல் தம் நூலான ‘ஏஜிங் வித் கிரே’ஸை வெளியிட்ட ஸ்னோடன், ஓய்வுபெறும்வரை இவ்வாய்வோடு பிணைந்திருந்தார். அவரது பங்களிப்பு ஒரு மருந்தோ இறுதி விடையோ அன்று. பிறரால் வேறு நோக்கத்திற்குப் பாதுகாக்கப்பட்ட எழுத்தைப் புதிய வினாவுடன் அணுகியதும், அவ்வெழுத்துக்கு உரியவர்களை இசைவுடன் ஆய்வில் பங்கேற்கச் செய்ததுமே அவரது சாதனை எனலாம். ஆவணத்தைக் காத்த மடமும், உடலை ஈந்த சகோதரியரும் இவ்வறிவியல் வரலாற்றில் ஆய்வாளருக்கு இணையான இடம் பெறத்தக்கவர்கள்.