ஒரு விதி, இரு தீர்ப்புகள்

1993-இல் இணையப் பக்கங்களில் படிவங்கள் அறிமுகமானபோது, நிரப்பியவை சரியா என ஆராயும் பொறுப்பு முழுவதும் சர்வரிடமே இருந்தது. ஒரு கட்டம் விடுபட்டாலும் படிவம் சர்வர்வரை சென்று திரும்பவேண்டும். 1995-இல் பிரண்டன் ஐக் உருவாக்கிய ஜாவாஸ்கிரிப்ட் இச்சோதனையைப் பிரவுசருக்குள் கொணர்ந்தது. ஆயினும், பிரவுசரின் சோதனையைப் பயனர் எளிதில் தவிர்த்துவிடலாம் ஆதலின், சர்வரின் சோதனையைக் கைவிட இயலவில்லை. எனவே ஒரே விதி பெரும்பாலும் இரு மொழிகளில் இருமுறை எழுதப்பட்டது.

அவ்விரு மொழிகளும் ஒன்றுபோல் எண்ணுவதில்லை. 'தமிழ்' என்னும் சொல்லில் கண் காண்பவை 3 எழுத்துகள். ஜாவாஸ்கிரிப்ட் அதன் நீளத்தை 5 என்கிறது. பிஎச்பி-யின் ஸ்டிரிங்லென் என்னும் வழக்கமான கணக்கோ, யூடிஎஃப்-8 பைட்டுகளை எண்ணி 15 என்கிறது. நீளம் 10-க்கு மிகக்கூடாது என்பது விதியாயின், பிரவுசர் ஏற்ற பெயரைச் சர்வர் மறுக்கும். ஆங்கில எழுத்தில் இரு கணக்கும் ஒன்றே ஆதலின், ஆங்கிலப் பெயர்களைக் கொண்டு சோதிப்போர்க்கு இப்பிழை புலப்படாது.

நெட்ஸ்கேப் 1990களிலேயே சர்வரிலும் ஜாவாஸ்கிரிப்டை இயக்கியது. எனினும் 2009-இல் ரையன் டால் வெளியிட்ட நோட்.ஜேஎஸ்-க்குப் பின்னரே அவ்வழக்கம் பரவிற்று. ஒரே நிரல் இருபுறமும் இயங்க, முரண் நீங்கியது. விதியின் பிழை மட்டும் நீங்கவில்லை: ஆங்கில எழுத்துகளையே பெயராக ஏற்கும் விதி, இப்போது இருபுறமும் ஒருமித்துத் தமிழ்ப் பெயரை மறுக்கிறது.