வெள்ளாற்று வண்டலில் ஒரு செம்பு வளையம்: வாங்கும் ஆன்டெனா வடிவமைப்பில் மண்ணும் இரைச்சலும்

அமெச்சூர் வானொலிக் கையேடுகள் வாங்கும் ஆன்டெனாவுக்கென்று தனி அதிகாரமே ஒதுக்குகின்றன. ஆனால் அவை மனத்தில் வைத்து எழுதுவது பெரும்பாலும் வட அமெரிக்க மண்ணையும் அங்குள்ள பண்ணைகளின் பரப்பையும்தான். கடலூர் மாவட்டத்தில் வெள்ளாற்றங்கரையிலுள்ள சேத்தியாத்தோப்பு போன்ற ஆற்றுப்படுகை ஊரில் 1.8 முதல் 30 மெகாஹெர்ட்ஸ் வரை ஒரே ஆன்டெனாவில் கேட்க நினைப்பவருக்கு அந்த அதிகாரங்கள் முதலிடம் தரும் நீளக் கம்பி பொருந்தாது, ஒரு மீட்டர் விட்டமுள்ள செம்பு வளையமே பொருந்தும் என்பது இக்கட்டுரையின் வாதம். இடப் பற்றாக்குறை இதற்குச் சிறு காரணம்தான். பெரிய காரணம் மண்.

அனுப்பும் ஆன்டெனாவில் வீணாகும் ஒவ்வொரு டெசிபெலும் நட்டம். வாங்கும் ஆன்டெனாவுக்குக் கணக்கு வேறு. சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் பி.372 பரிந்துரை தரும் வாய்பாட்டின்படி, கிராமப்புறத்தில் 7 மெகாஹெர்ட்ஸில் மனிதர் உண்டாக்கும் இரைச்சல், வெப்ப இரைச்சலைவிடச் சுமார் 44 டெசிபெல் மேலே நிற்கிறது. (அந்த வாய்பாட்டின் அடிப்படை எல்இடி விளக்குகள் வருவதற்கு வெகுமுன் அமெரிக்காவில் எடுத்த அளவீடுகள் என்பதால், இன்றைய நம் தெருக்களுக்கு அது குறைமதிப்பீடாகவே இருக்கும்.) நல்ல ரிசீவரின் சொந்த இரைச்சல் 10 முதல் 15 டெசிபெல். ஆகவே ஆன்டெனா 20 டெசிபெல் குறைவாகப் பிடித்தாலும் குரலும் இரைச்சலும் சேர்ந்தே குறையும், காதுக்கு நட்டமில்லை. 28 மெகாஹெர்ட்ஸில் இந்தச் சலுகை சுருங்கிவிடுகிறது. அங்கே வெளி இரைச்சல் 27 டெசிபெல்தான்.

அப்படியானால் கேட்க வேண்டியது ஆன்டெனா எவ்வளவு பிடிக்கிறது என்பதல்ல, எதைப் பிடிக்காமல் விடுகிறது என்பது. சேத்தியாத்தோப்பில் விட வேண்டியவை ஏராளம்: பம்புசெட்டு லைன்கள், தெருமுனை டிரான்ஸ்ஃபார்மர், வீட்டுக்கு வீடு மலிவு விலை எல்இடி பல்பு, வடக்கே நெய்வேலியிலிருந்து கிளம்பும் உயரழுத்தக் கம்பிகள். அடுத்த ஊரான விருத்தாசலம் பீங்கானுக்குப் பேர்போனது. ஆன்டெனா என்றதும் பீங்கான் இன்சுலேட்டரை நினைப்பது வழக்கம். ஆனால் பீங்கான் தேவைப்படுவது அனுப்பும் கம்பியின் முனையில், உயர் மின்னழுத்தம் நிற்கும் இடத்தில். நம் வளையத்துக்கு ஒன்றரை அங்குலப் பிவிசி குழாயே தாராளம். பீங்கான் இந்தக் கதைக்குள் வருவது வேறு வழியில். மின்கம்பத்து இன்சுலேட்டரில் தூசும் சாம்பலும் படிந்து, விடியற்காலைப் பனியில் நனைந்தால் அதன் மேல் கசிவு ஓடி இரைச்சல் எழும். இறுக்கம் தளர்ந்த இணைப்பிலோ காய்ந்த காலத்தில் நுண்பொறி தெறிக்கும், மழை வந்தால் அடங்கும். நொடிக்கு 100 முறை துடிக்கும் உறுமல் கேட்டால் மின்கம்பத்தைச் சந்தேகிக்கலாம். 50 ஹெர்ட்ஸ் மின்சாரம் சுழற்சிக்கு இருமுறை உச்சம் தொடுகிறது.

இனி நீளக் கம்பி. ஹரால்ட் பெவரேஜின் பெயர் தாங்கிய இந்த ஆன்டெனாவை 1921 டிசம்பரில் ஸ்காட்லாந்தின் ஆர்ட்ராசனில் தரைக்கு அருகே இழுத்துக் கட்டி, கூடாரத்தில் அமர்ந்து, அட்லாண்டிக்குக்கு அப்பாலிருந்த அமெச்சூர்களின் மோர்ஸ் ஒலியைக் கேட்டார் அமெரிக்க அமெச்சூர் பால் காட்லி. அதன் புகழ் நியாயமானது. ஆனால் அது நம்பியிருப்பது மோசமான மண்ணை. மின்சாரத்தைச் சரியாகக் கடத்தாத தரைமேல் ஓடும் அலை முன்புறம் சாய்கிறது. அந்தச் சாய்வால்தான் கிடைக்கம்பியில் மின்னோட்டம் பிறக்கிறது. 1.8 மெகாஹெர்ட்ஸுக்குக் கணக்கிட்டுப் பார்த்தேன். மின்கடத்துதிறன் மீட்டருக்கு 0.002 சீமென்ஸ் உள்ள வறண்ட மண்ணில் கிடைப்புலம், செங்குத்துப் புலத்தில் ஏறத்தாழ 21 விழுக்காடு. நீர் நிற்கும் வண்டல் வயலுக்கு 0.03 என்று கொண்டால் 6 விழுக்காடுதான். வித்தியாசம் 11 டெசிபெல்.

குறைவாகப் பிடிப்பது குற்றமில்லை என்று மேலே சொன்னதற்கு இது முரண் அல்லவா? அல்ல. கம்பி பிடிப்பது 11 டெசிபெல் இறங்கும்போது, இரு முனையிலும் தரைக்கு இறங்கும் செங்குத்துக் கம்பிகள் பிடிப்பது இறங்குவதில்லை. அவை எல்லாத் திசையிலிருந்தும் வாங்கி, பின்புறத்தில் இருக்க வேண்டிய அமைதியை நிரப்பிவிடுகின்றன. திசைத்தேர்வு போன பிறகு 160 மீட்டர் கம்பிக்கு என்ன வேலை? மேற்கே விருத்தாசலத்துச் செம்மண் மேட்டில் இதே கம்பி மேலாக உழைக்கக்கூடும். இங்கோ அதை நேர்கோட்டில் கட்ட நாலு பேர் வயலைக் கடக்க வேண்டும். சர்க்கரை ஆலை உள்ள ஊர் என்பதால் வழியில் கரும்பு வேறு, ஆள் உயரத்துக்கு மேல் வளர்ந்து கம்பியை விழுங்கிவிடும். நெல் வயல் என்றால் அறுவடை மெஷின் அறுத்துப் போடும்.

வளையத்தின் நுட்பம் எளிது, ஆனால் பலர் பாதியில் தவறவிடுவது. சிறு வளையத்தில் பிறக்கும் மின்னழுத்தம் அதிர்வெண்ணோடு ஏறும். அதன் தூண்டல் மறுப்பும் அதே வீதத்தில் ஏறும். எனவே வளையத்தைக் கிட்டத்தட்டக் குறுக்குச் சுற்றாக்கி, மின்னழுத்தத்துக்குப் பதில் மின்னோட்டத்தை எடுத்தால் அதிர்வெண் கணக்கிலிருந்தே விலகிவிடுகிறது. டியூனிங் கண்டென்சர் தேவையில்லை. மிஞ்சுவது பரப்புக்கும் தூண்டலுக்கும் உள்ள விகிதம் மட்டுமே. ஒரு மீட்டர் வளையத்தை 2 மில்லிமீட்டர் கம்பியில் செய்தால் தூண்டல் சுமார் 4 மைக்ரோஹென்றி. ஏசி மெக்கானிக்கிடம் கிடைக்கும் 3/8 அங்குலச் செம்புக் குழாயில் செய்தால் 3. மின்னோட்டம் மூன்றில் ஒரு பங்கு கூடுகிறது. 3 மைக்ரோஹென்றியின் மறுப்பு 1.8 மெகாஹெர்ட்ஸில் 34 ஓம், 30-ல் 565 ஓம். பெருக்கியின் உள்ளீடு அந்த 34 ஓமைவிட வெகுவாகக் குறைய வேண்டும். சென்னை ரிச்சி தெருவில் சில்லறைக் காசுக்குக் கிடைக்கும் 2என்2222 டிரான்சிஸ்டரைப் பொது பேஸ் முறையில் 10 மில்லி ஆம்பியரில் ஓட்டினால் எமிட்டர் பக்கம் 2.6 ஓம்தான். எதிரெதிராக இரண்டைப் பூட்டினால் சமநிலையும் கிடைக்கும். உச்ச அதிர்வெண்களில் வளையத்தின் சுற்றளவு அலைநீளத்தில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்காகிவிடுவதால், சுமார் 15 மெகாஹெர்ட்ஸுக்கு மேல் இந்தக் கணக்கு தளரும்.

வளையத்தின் விளிம்பு டிரான்ஸ்ஃபார்மரை நோக்கினால் உறுமல் உச்சம். முகம் நோக்கினால் அடங்கும். அடங்காவிட்டால் பெரும்பாலும் குற்றவாளி கேபிளின் மேலுறை. வீட்டு இரைச்சல் அதன் வழியே ஏறி வருகிறது. கேபிள் டிவிக்காரர் இழுக்கும் அதே ஆர்ஜி-6 போதும், ஆனால் இருமுனையிலும் ஃபெரைட் வளையத்தில் பத்துச் சுற்றாவது சுற்றியாக வேண்டும்.

வலுவான எதிர்வாதம் ஒன்று உண்டு: வெறும் கம்பி திரிபு உண்டாக்காது, அகலப்பட்டைப் பெருக்கி உண்டாக்கும். உண்மைதான். திருச்சி வானொலியின் 936 கிலோஹெர்ட்ஸ் இங்கே பலமாக விழுகிறது. அதன் இரண்டாம் ஹார்மானிக் 1872, சரியாக 1.8 மெகாஹெர்ட்ஸ் (160 மீட்டர்) பட்டைக்குள். பெருக்கியை எதிரெதிர் ஜோடியாக அமைக்கச் சொன்னதற்கு இதுவே முதற்காரணம். இரட்டைப்படைத் திரிபு அதில் பெருமளவு கழிந்துவிடும். போதாவிட்டால் மத்திய அலையை வெட்டும் வடிகட்டியைப் பெருக்கிக்கு முன்னால் வைக்கலாம், கொஞ்சம் பிடிப்பை இழந்து.

2011 டிசம்பர் 30 அன்று கரையேறிய தானே புயல் கடலூர் மாவட்டத்து மின்கம்பங்களைச் சாய்த்துப் போட்டது. அதுபோன்ற நாளில் வளையத்தை முன்கூட்டியே கழற்றி உள்ளே வைத்து, மறுநாள் ஒரு மூங்கிலில் மாட்டி, பேட்டரியில் ஓட்டலாம். மின்சாரமில்லாத ஊரில் மின்கம்பி இரைச்சலும் இராது. அந்த நாட்களில்தான் கேட்கும் திறன் உச்சத்தில் இருக்கும்.

வடகிழக்குப் பருவத்து இரவுகளில் வளையம் தோற்கும் என்பதையும் ஒப்ப வேண்டும். அப்போது 1.8, 3.5 மெகாஹெர்ட்ஸ் பட்டைகளை நிரப்புவது தொலைதூர மின்னல்கள். அவை ஒரு திசையில் நிற்பதில்லை, சாய்வாக மேலிருந்து வருவதால் வளையத்தின் மௌனத் திசையும் ஆழமிழக்கிறது. அதற்கும் ஓரளவு வழி உண்டு: இரண்டு வளையங்களை 10 மீட்டர் இடைவெளியில் நிறுத்தி, ஒன்றின் கேபிளை எட்டரை மீட்டர் அளவுக்கு நீட்டி, துருவம் மாற்றி இணைத்தால் பின்திசை முழுவதும் அடங்கும். நுரை ஆர்ஜி-6-இல் அலை ஒளிவேகத்தின் 85 விழுக்காட்டில் செல்வதால் அந்த நீளம். தாமதம் அதிர்வெண்ணைச் சாராததால் அகலப்பட்டைத் தன்மையும் கெடாது. இதற்கு வேண்டியது ஒரு கொல்லைப்புறத்தின் நீளம்தான்.